கடன் வாங்காதவருக்கு ஏன் சிபில் ஸ்கோர்? தொடங்குவது முதல் பழுது பார்ப்பது வரை

எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதிய தகரப் பலகை தொங்கும். கல்லாவுக்கு அடியில் நீளவாக்கில் மடித்த பற்று நோட்டு இருக்கும். பலகை புது ஆட்களுக்கு, நோட்டு தெரிந்த வீடுகளுக்கு. யார் எந்தத் தேதியில் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினார், சம்பளம் வந்ததும் கொடுத்தாரா, பத்து நாள் இழுத்தடித்தாரா எல்லாம் அதில் பதிவாகும். முழுப் பணத்தையும் கொடுத்துத் தீர்த்தவர் கணக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு. "இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, மீதியை விட்டுவிடுங்கள்" என்று பாதியில் முடித்துக்கொண்டவர் கணக்கிலும் கோடு விழும். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளி எதற்கு என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தக் கடையில் வளர்ந்ததாலோ என்னவோ, கடன் என்றாலே எனக்கு ஒவ்வாது. மோட்டார் சைக்கிளைக் கூடப் பணம் சேர்த்துத்தான் வாங்கினேன். 43 வயதில் வீடு கட்ட முதன்முறையாகக் கடன் கேட்டுப் போனேன். அந்த வங்கிக் கிளையில் எனக்குப் பதினேழு ஆண்டுக் கணக்கு. மேலாளர் என் பான் எண்ணைத் தட்டிப் பார்த்தார், கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். சிபில் ஸ்கோர், அதாவது கடனைத் திருப்பிக் கட்டிய விதத்துக்குப் போடும் மதிப்பெண், இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று இருந்தது. "மோசமான ஸ்கோர் இல்லை சார், ஸ்கோரே இல்லை" என்றார். அவருக்கே கொஞ்சம் சங்கடம்தான்.

ஒருவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது சிபில் ஸ்கோரில் தெரியாது. நாணயமானவரா என்பதும் நேரடியாகத் தெரியாது. அது அப்பாவின் பற்று நோட்டைப் போன்றது. வாங்கியவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பது மட்டுமே அதில் இருக்கும். கடைசிவரை ரொக்கம் கொடுத்தே வாங்கியவருக்கு அந்த நோட்டில் பக்கமே கிடையாது. அப்பா முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டார், வங்கியின் கணினிக்கு அது முடியாது. ஆகவே கடனை வெறுப்பவர் செய்ய வேண்டியது, அந்த நோட்டில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு ரூபாய் கூட வட்டி கட்டாமல் அதைச் சுத்தமாக வைத்திருப்பது. பக்கத்தில் ஏற்கெனவே கறை விழுந்திருந்தால் அதை எடுப்பது இரண்டாவது வேலை. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்

இந்தியாவில் இந்த நோட்டை வைத்திருப்பவர்கள் நால்வர். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். இவை 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. இவற்றில் மூத்தது சிபில் என்பதால் நான்கையுமே நாம் சிபில் என்று அழைத்துவிடுகிறோம். வங்கி எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கும் என்பது வங்கியின் விருப்பம்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை, ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண் கொடுத்து ஓடிபி போட்டால் கிடைத்துவிடும். முதல் முறை நான்கையும் எடுத்து ஒப்பிடுங்கள், ஒன்றில் இருக்கும் பிழை மற்றொன்றில் இல்லாமல் இருக்கும். அடுத்த ஆண்டு முதல் மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொண்டால், காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். இணையதளத்தில் மாதச் சந்தா கட்டச் சொல்லிப் பெரிய பொத்தான் கண்ணில் படும். இலவச அறிக்கைக்கான இணைப்பு ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். தேடுங்கள்.

நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. நாம் கடனுக்கு விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்த்தால் மட்டுமே அது விசாரணையாகப் பதிவாகும்.

2. அறிக்கையை எப்படிப் படிப்பது

ஸ்கோர் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் மகிழ்ச்சியாகப் பேசும். பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டி விகிதத்தையே ஸ்கோரோடு கோத்து வைத்திருக்கின்றன. -1 அல்லது என்ஹெச் என்று இருந்தால் வரலாறு இல்லை என்று பொருள். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், 550 ஸ்கோர் வைத்திருப்பவரைவிட உங்கள் நிலை நல்லது.

ஆனால் ஸ்கோரை விடக் கீழே இருக்கும் அட்டவணைதான் முக்கியம். பெயர், பிறந்த தேதி, பான், பழைய முகவரிகளைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து இருக்கும். இதனால் ஒருவருடைய கணக்கு ஒரே பெயருள்ள இன்னொருவர் அறிக்கையில் போய் ஒட்டிக்கொள்ளலாம். வங்கி, பான், ஆதார் மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுவது நல்லது.

அடுத்து கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 36 மாதங்களுக்கான சிறு கட்டங்கள் இருக்கும். அதற்கு டிபிடி என்று பெயர், தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. 000 என்றால் நேரத்துக்குக் கட்டியாயிற்று. 030 என்றால் முப்பது நாள் தாமதம். எக்ஸ் எழுத்து மூன்று இருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 90 நாளைத் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கடைசியில் விசாரணைப் பட்டியல் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்.

3. எது கணக்கில் சேராது

டெபிட் கார்டு, சேமிப்புக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ, வைப்புத்தொகை, எல்ஐசி பிரீமியம், ஊர்ச் சீட்டு, வீட்டு வாடகை, மின்கட்டணம் ஆகிய எதுவும் உங்களுக்கு ஸ்கோர் தராது. இருபது வருடமாக ஒரு நாள் தவறாமல் சீட்டுப் பணம் கட்டியவருக்கும் இதில் ஒரு மதிப்பெண் கிடையாது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நோட்டு அவர்களுடையது.

மாறாக, கடன் என்று நாம் நினைக்காத சில, கணக்கில் ஏறிவிடும். நகைக்கடன் ஏறும். கைபேசிக் கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று கையெழுத்து வாங்குவது உண்மையில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன், அதுவும் ஏறும். இணையக் கடையில் 'இப்போது வாங்கி அடுத்த மாதம் கட்டுங்கள்' என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். மகனின் கல்விக்கடனில் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்ட அப்பாவின் அறிக்கையில் அந்தக் கடன் முழுத்தொகையுடன் இருக்கும். நண்பருக்கு ஜாமீன் போட்டதும் அப்படியே. கடனே வாங்காதவன் என்று நினைத்துக்கொண்டு அறிக்கையை எடுத்தவர்கள் பலர், ஜாமீன் கையெழுத்தால்தான் அதிர்ச்சியடைகிறார்கள்.

4. முதல் பக்கத்தைத் திறப்பது: வைப்புத்தொகை மீதான கிரெடிட் கார்டு

கடனை விரும்பாதவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் பணத்தையே வங்கியில் வைப்புத்தொகையாக, அதாவது எஃப்டியாகப் போடுகிறீர்கள். அதன் மீது வங்கி ஒரு கிரெடிட் கார்டு தருகிறது. வைப்புத்தொகைக்கு வழக்கமான வட்டி வந்துகொண்டிருக்கும். ஸ்கோர் இல்லாவிட்டாலும், சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் கார்டு கிடைக்கும். இல்லத்தரசிகளுக்கும், தையல் கடை, பெட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் இதுதான் எளிய வாசல். கடன் தகவல் நிறுவனங்களுக்கு இது மற்ற கார்டுகளைப் போலவே தெரிவிக்கப்படும்.

கிளையில் போய் 'கிரெடிட் கார்டு வேண்டும்' என்று மட்டும் கேட்டால் வழக்கமான கார்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். வரலாறு இல்லை என்று அது நிராகரிக்கப்படும், விசாரணைப் பதிவு மட்டும் மிஞ்சும். 'எஃப்டி மீது கார்டு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டா? எஃப்டியில் எத்தனை சதவீதம் வரம்பாகக் கிடைக்கும்? எஃப்டியை முன்கூட்டி உடைக்க வேண்டுமானால் கார்டு என்ன ஆகும்? நான்கு நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்புகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விழித்தால் பரவாயில்லை, கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் 20,000 ரூபாய் போட்டேன். 18,000 ரூபாய் வரம்பு கிடைத்தது. இனி அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏற்கெனவே செய்யும் செலவு ஒன்றை மட்டும் கார்டுக்கு மாற்றுங்கள். என் கார்டில் எரிவாயு சிலிண்டரும் கைபேசி ரீசார்ஜும்தான் போகும். மாதம் 1,500 ரூபாயைத் தாண்டாது. கார்டு இருக்கிறது என்பதற்காகப் புதிதாக எதையும் வாங்க ஆரம்பித்தால் இந்த ஏற்பாடு அன்றே தோற்றுவிடும். வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது பொதுவான கணிப்பு. 18,000-க்கு அது 5,400 ரூபாய். இது சட்டம் அல்ல. ஆனால் வரம்பை முட்டும் அளவுக்குச் செலவழிப்பவர் பணத்துக்குத் தவிக்கிறார் என்று ஸ்கோர் கணக்கு நினைத்துக்கொள்ளும்.

கார்டில் இரண்டு தேதிகள் உண்டு. பில் போடும் தேதி ஒன்று, கட்ட வேண்டிய கடைசித் தேதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை வாரம் இருக்கும். பில்லில் இருக்கும் முழுத்தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி பூஜ்ஜியம்.

இப்போது பொறி எங்கே என்று பார்ப்போம். பில்லில் முழுத்தொகைக்குப் பக்கத்திலேயே 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சாகியிருக்கும். பில் 10,000 ரூபாய் என்றால் அது 500 ரூபாயாக இருக்கலாம். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்துக்கு 350 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 63 ரூபாய். ஆக நீங்கள் கட்டிய 500-இல் 413 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும், அசலில் குறைவது வெறும் 87 ரூபாய். கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த மாதம் புதிதாக வாங்கும் சிலிண்டருக்கும் அன்றிலிருந்தே வட்டி. வருடக் கணக்கில் இது நாற்பது சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்காரரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் நாம், அழகாக அச்சிட்ட பில்லில் இதைப் பார்த்தால் ஒதுங்குவதில்லை.

அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் 'முழுத்தொகை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில செயலிகளில் முதலில் தேர்வாகி நிற்பது குறைந்தபட்சத் தொகைதான், மாற்ற மறக்காதீர்கள். இரண்டாவது, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் செயலியிலேயே அணைத்துவிடுங்கள். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகி ரொக்கம் எடுத்தால் வட்டியில்லா நாள் ஒன்று கூடக் கிடையாது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஆறு மாதம் போனால் பெரும்பாலும் ஸ்கோர் என்று ஓர் எண் வந்துவிடும். ஒரு வருடம் போனால் அதற்குக் கொஞ்சம் எடை கூடும். இடையில் வேறு கார்டுக்கும் தனிநபர் கடனுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், நல்லதும் கெட்டதும் முன்னைவிட விரைவாக அறிக்கையில் ஏறுகின்றன.

5. கார்டே வேண்டாம் என்பவர்களுக்கு

எஃப்டி மீது சிறு கடன் வாங்கி ஒரு வருடத்தில் தவணையாகத் திருப்பலாம். எஃப்டி வட்டியைவிட ஓரிரு சதவீதம் கூடுதலாகக் கடனுக்கு வட்டி போகும். 20,000 ரூபாய்க்கு அது சில நூறு ரூபாய்ச் செலவு. சில நூறு என்றாலும் வட்டி வட்டிதான் என்று நினைப்பவன் நான், அதனால் கார்டைத்தான் முதலில் சொன்னேன்.

நகைக்கடன் நம் ஊரில் கைவசம் இருக்கும் வழி. ஆனால் ஒரே தவணையில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகையை இதற்காக எடுக்காதீர்கள். மாதாமாதம் பதிய ஒன்றும் இருக்காது. திருப்ப வேண்டிய தேதியை மறந்துவிட்டால் தாமதம் மட்டும் நன்றாகப் பதியும். ஏலம் வரை போனால் நகையும் போயிற்று, பெயரும் போயிற்று.

ஸ்கோருக்காகத் தவணையில் கைபேசி வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். தேவையில்லாத பொருளை வாங்கிச் சம்பாதிக்கும் ஸ்கோர் யாருக்கு வேண்டும்?

6. கறை விழுந்த பக்கம்

கறையில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பதிவே தவறு என்பது முதல் வகை. என் மனைவியின் அறிக்கையை எடுத்தபோது அதில் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பாக்கி 590 ரூபாய், பல மாதத் தாமதம். வங்கி ஊழியர் ஒருவர் வற்புறுத்தியதால் விண்ணப்பித்து, தபாலில் வந்த உறையைப் பிரிக்காமலேயே அலமாரியில் போட்டுவைத்த கார்டு அது. 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 18 சதவீத வரியும் சேர்ந்து 590. கூப்பிட்டுக் கேட்டதும் "கட்டிவிடுங்கள் மேடம், சின்னத் தொகைதானே" என்றார்கள். கட்டியிருந்தால் பாக்கி தீர்ந்திருக்கும், தாமதம் என்ற பதிவு அப்படியே நின்றிருக்கும். கார்டு இயக்கப்படுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு எதையும் தெரிவிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கார்டு விதிகளில் இருக்கிறது. அதைச் சுட்டி எழுதினோம். கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, என் பெயரில் உள்ள கார்டு, கடைசி நான்கு எண்கள் இன்னவை, இன்றுவரை இயக்கப்படவில்லை. ஆயினும் ரூ.590 நிலுவை என்றும் தாமதம் என்றும் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறீர்கள். இது ரிசர்வ் வங்கியின் விதிக்கு முரணானது. கட்டணத்தை நீக்கி, கணக்கை மூடி, பதிவைத் திருத்தி, திருத்திய விவரத்தை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். அறிக்கையின் உரிய பக்கத்தை இணைத்திருக்கிறேன்."

கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வங்கிக்கு அனுப்பிய அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் மறுப்பைப் பதிவு செய்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது. 26-ஆம் நாள் அந்தப் பதிவு நீங்கியது.

இந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது, 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்ப வேண்டும், தவறினால் இழப்பீடு அதன் தலையில். நேரத்துக்கு அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தூங்கினால் அதன் தலையில். ஆகவே புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். தொலைபேசியில் பேசியது புகார் ஆகாது.

உண்மையான தாமதம் இரண்டாவது வகை. கட்ட மறந்தீர்கள், அல்லது அந்த மாதம் கையில் காசு இல்லை. இதை அழிக்க வழியில்லை, அழிக்கவும் கூடாது. பாக்கியை உடனே கட்டிவிட்டு, அடுத்த கட்டங்களில் 000 ஏறிக்கொண்டே போக விடுங்கள். வங்கியாளர் கண் முதலில் போவது சமீபத்திய பன்னிரண்டு மாதங்கள் மீதுதான். கார்டு பில்லில் மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் தாமதம் என்று தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, ஞாயிறு, பண்டிகை என்று ஓரிரு நாள் பிசகியவர்கள் அதற்காக உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

மூன்றாவது வகைதான் அப்பாவின் புள்ளி. வங்கி அழைத்து, "எழுபதாயிரம் பாக்கியில் முப்பதாயிரம் கட்டுங்கள், கணக்கை முடித்துவிடுகிறோம்" என்று சொல்லும். நீங்களும் விட்டது தொல்லை என்று கட்டுவீர்கள். அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். முழுப்பணம் வராமல் முடித்துக்கொண்ட கணக்கு என்று அதற்குப் பொருள். அடுத்த வங்கி அதைப் பார்த்ததும் தயங்கும். முழுவதையும் கட்ட வழியே இல்லை என்றால் சமரசம் செய்வதில் குற்றமில்லை, அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டினி கிடக்க முடியாது. ஆனால் பின்னால் கையில் காசு வந்தபோது அதே வங்கிக்குப் போய், விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். கட்டியதும் நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். அதை வைத்து 'மூடப்பட்டது' என்று மாற்றக் கோருங்கள். கட்டுவதற்கு முன்பே, இப்படி மாற்றித் தருவோம் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது முக்கியம். 'ரிட்டன் ஆஃப்' என்று வங்கி எழுதித் தள்ளிய கணக்குக்கும் இதே வழிதான். கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி, ஆகவே தானாக மறைந்துவிடும் என்று காத்திருப்பது நீண்ட காத்திருப்பு.

ஜாமீன் கறைக்கு மருந்து கசப்பானது. கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது. கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கலாம், வசூலாகுமா என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது.

உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் வாங்கியிருந்தால், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த நகலோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். கடன் எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, யாருடைய கையெழுத்து, எந்தக் கைபேசி எண் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவே இல்லை என்பதுதான் உங்கள் வலுவான சான்று. யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால் பழைய கைபேசி எண் பதிவில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

7. கதவு திறக்கவில்லை என்றால்

நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. இணையத்தில் பதிவு செய்ய முடியாதவர்கள் 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். நிறுவனத்துக்கு முதலில் எழுதாமல் நேரே இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கூட்டம் உங்களைத் தேடி வரும். 'ஸ்கோரை முப்பது நாளில் 800 ஆக்குகிறோம்' என்று துண்டறிக்கை, வாட்ஸாப் செய்தி. அவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே மறுப்பைப் பதிவதுதான். சிலர் உண்மையான கடன்களையும் 'என்னுடையது அல்ல' என்று பொய்யாக மறுத்துப் போடுவார்கள், வங்கி சரிபார்த்து அப்படியே திருப்பி வைத்துவிடும். பான், ஆதார், ஓடிபி எல்லாம் முகம் தெரியாதவர் கையில் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

8. ஸ்கோர் இல்லாமலே கடன் கேட்க நேர்ந்தால்

எல்லோருக்கும் ஒரு வருடம் காத்திருக்க நேரம் இருக்காது. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் என்று எதையும் ரிசர்வ் வங்கி வரையறுக்கவும் இல்லை. இதை மேலாளரிடம் பணிவாக நினைவூட்டலாம். கூடவே ஒரு வருட வங்கிக் கணக்கு விவரம், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, நிரந்தர வைப்பு விவரம், மின்கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கொண்டுபோங்கள். கல்விக்கடன் கேட்கும் மாணவரை ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னதும் சில நேரம் உதவும்.

எனக்குக் கிடைத்தது. ஆனால் வட்டி விகிதம் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். கார்டு எடுத்து ஒரு வருடம் ஆனதும் 771 என்று ஸ்கோர் வந்தது. அதைக் காட்டி வட்டியைக் குறைக்கக் கேட்டேன், ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைத்தார்கள்.

இனி வாழ்நாளில் கடனே வேண்டியதில்லை என்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையைப் பார்த்து மோசடி இல்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். ஆனால் பிள்ளைகள் வங்கி வேலைக்குத் தேர்வு எழுதுகிறார்கள் என்றால் அவர்களுடைய அறிக்கையையும் பாருங்கள். மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது. அதை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றே தீர்ப்பளித்தது.

9. கார்டை மூடுவது

வீட்டுக்கடன் கிடைத்த பிறகு கார்டு எதற்கு என்று தோன்றும். ஆண்டுக் கட்டணம் இல்லாவிட்டால் விட்டுவையுங்கள், பழைய கணக்கு வயதாக வயதாக நல்லது. ஓர் ஆண்டுக்கு மேல் தொடாமல் இருந்தால் அறிவிப்புக் கொடுத்து வங்கியே மூடிவிடலாம், அதனால் மாதம் ஒரு ரீசார்ஜாவது ஓடட்டும்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டி எறிவதால் கார்டு மூடாது. கடைசி பில்லைப் பைசா மீதமில்லாமல் கட்டி, கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தாக்களை நிறுத்தி, எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால் வங்கி நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதன்பின் எஃப்டி மீதான பிடிப்பு நீங்கியதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்குக்கு நேரே 'மூடப்பட்டது' என்றும் பாக்கி பூஜ்ஜியம் என்றும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். என் மனைவியின் பிரிக்காத உறை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு மூடப்பட்டதாக வங்கி அனுப்பிய கடிதத்தையும் அதற்குள்ளேயே செருகி வைத்திருக்கிறாள்.